ஏழாம் துறையின் மூன்றாவது அலை

அந்த வாரம் முழுக்கத் தேவிப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் அவள் எடுத்து முடித்த பதிவு, ஐந்நூற்றுச் சொச்சம் ஜிபி கனத்தோடு ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்குக்குள் பத்திரமாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை சிறுசேரி போகும் ஆபீஸ் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாடி, மாப்ள பாத்துட்டாங்களா?" என்று கேட்டதற்கு, "அதவிடப் பெரிசு" என்றாள்.

விஷயம் இதுதான். 'ஏழு துறை' என்று ஒரு கணினி விளையாட்டு. ஒரு படகு, ஏழு துறைகள், நடுவில் கடல். துறைக்குத் துறை சரக்கு ஏற்றிக்கொண்டு, காற்றைப் பார்த்து, அலையைப் பார்த்து, போய்ச் சேர வேண்டும். சுடுவது, வெட்டுவது, குதிப்பது எதுவும் கிடையாது. அப்படி ஒரு விளையாட்டை எத்தனை பேர் ஆடுவார்கள்? கொஞ்சம் பேர்தான் ஆடினார்கள், ஆனால் ஆடியவர்கள் விடாமல் ஆடினார்கள். சென்னையில் பதினான்கு பேர் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனி அதைச் செய்தது. கம்பெனியை மூடி ஒரு வருடம் ஆகிறது. மிச்சமிருந்த சர்வரையும் வருகிற ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. இதில் வம்பு என்னவென்றால், அந்தக் கடல் ஆடுகிறவர்களின் கணினியில் இல்லை. ஒவ்வொரு அலையும் சர்வரிலிருந்துதான் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. சர்வர் நின்றால் கடலே நின்றுபோகும்.

நிற்பதற்குள் ஏழு பயணங்களையும் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று ஏழு பேர் கூடிக் குழு அமைத்தார்கள். தலைவர், செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணன். மனிதர் தங்கமானவர், ஆனால் சட்டம் போடுவதில் கலெக்டர் ஆபீஸ் தோற்றுவிடும். பதிவில் மவுஸ் அம்பு தெரியக்கூடாது. வாட்ஸப் செய்தி எட்டிப் பார்க்கக்கூடாது. மைக் அணைந்திருக்க வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒரே பதிவு, நடுவில் வெட்டு ஒட்டு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைச் சுருக்கவே கூடாது, திரையில் வந்தது ஒரு புள்ளி குறையாமல் அப்படியே டிஸ்க்கில் இறங்க வேண்டும். "யூட்யூப்ல இருக்கறது ஜூஸுங்க. நமக்கு வேணும்றது பழம்" என்பார்.

ஏழாம் துறை தேவிப்பிரியாவின் பங்குக்கு வந்தது. அது தானாக வரவில்லை, சண்டை போட்டு வாங்கினாள். அவளுடைய முதல் வேலையே அந்தக் கம்பெனியில்தான். விளையாட்டை ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது வேலை. சேர்ந்த முதல் நாள் அந்தக் கடலைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஆட்டிவிட்ட மாதிரி ஒரு கடல். "சார், அலை இப்படியெல்லாம் வராது" என்றாள். "எப்படி வரும்?" என்று கேட்டார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கல் எறிந்தால் விழும் தூரத்தில் வீடு உள்ளவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஞாயிறு தோறும் கரையில் நின்று அலைகளைப் போனில் படம் பிடித்து, நேரம் குறித்து, எண்ணிக்கை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று பெரியது, நான்கு சின்னது, அப்புறம் ஓர் இடைவெளி. மூன்று வருடத்தில் அந்தக் கடல் ஒரு கடலாக ஆனது. நுரை எப்படி உடைந்து எப்படி வடிய வேண்டும் என்பது வரைக்கும் அவள் சொல்லி நடந்தது.

வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. "கம்பியூட்டர் கம்பெனி" என்பதோடு அவர்களுக்கு விவரம் முடிந்துவிடும். கம்பெனி மூடிய பிறகு அவள் சிறுசேரியில் ஒரு பேங்க் செயலியைச் சோதிக்கும் வேலைக்குப் போனாள், அதுவும் அவர்களுக்குக் கம்பியூட்டர் கம்பெனிதான். வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அந்தக் கடல் ஒன்றுதான் என்று அவள் மனதுக்குள் நினைத்திருந்தாள். அது நின்ற பிறகு, பதிவும் இல்லாவிட்டால், 'நான் ஒரு கடல் செய்தேன்' என்று வாயால்தான் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை காலை பதிவை முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டு ஹரிகிருஷ்ணனிடம் ஒப்படைப்பதாகத் திட்டம். லேப்டாப்பை ஒயர் போட்டு ஹால் டிவியில் இணைத்தாள். அங்கே ஏற்கெனவே அவள் அண்ணன் லோகு பாய் விரித்துப் படுத்திருந்தான். அவனுடைய ஃபைபர் படகின் இஞ்சின் மூன்று நாளாக மெக்கானிக்கிடம் கிடந்தது. அப்பா மூர்த்தி மெக்கானிக் கடையிலேயே குடியிருக்க, அம்மா சொர்ணம் அடுத்தவர் படகில் வந்த மீனை ஏலத்தில் எடுத்துக் கொண்டு விற்கப் போயிருக்க, லோகுவுக்குக் கடலும் இல்லை, வேலையும் இல்லை. மூன்று மணி நேரம் அரைத் தூக்கத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். படகு ஏழாம் துறையை நெருங்கியது. அந்தத் துறையில் பாலம், கட்டை எதுவும் கிடையாது. வெறும் மணல் கரை. அலையைத் தாண்டித்தான் படகை ஏற்ற வேண்டும்.

ஏறியது. தேவிப்பிரியா கையைத் தட்டிக்கொண்டாள்.

"ஏய், நிறுத்து" என்றான் லோகு, கண்ணை முழுசாகத் திறக்காமலே. "கொஞ்சம் பின்னால தள்ளு."

"இன்னாத்துக்குணா?"

"தள்ளுன்றேன்ல."

தள்ளினாள். மறுபடி ஓடியது. லோகு எழுந்து உட்கார்ந்தான். "இன்னொரு தபா."

மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "காதுல மூணு அலை வுழுது. படகு ரெண்டு தபாதான் எகிறுது. ஒண்ணு எங்க பூட்ச்சு?"

"தூக்கக் கலக்கத்துல பேசாத."

"நானா பேசறேன்? நீயே எண்ணிப் பாரு. முதல்ல ஒண்ணு, தூக்கிப் போடுச்சு. ரெண்டாவது மூஞ்சி மேலயே ஒடைஞ்சுது, ஒரே வெள்ளையாச்சு. மூணாவது சத்தம் கேக்குது. அலையக் காணல."

அவனுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்தக் குப்பத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் எண்ணிக்கை காதிலேயே இருக்கும். படகைக் கரையேற்றுகிறவன் அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, மூன்று பெரிய அலைகளைப் போகவிட்டு, மூன்றாவதன் முதுகில் ஏறி வர வேண்டும். ஒன்று தப்பினால் படகு குப்புற விழும். பத்து வயதிலிருந்து எண்ணிப் பழகிய தலை, டிவி முன்னால் படுத்தாலும் சும்மா இருக்குமா?

தேவிப்பிரியா சிரித்துக்கொண்டேதான் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த இடத்தை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. இரண்டாவது அலை உடைந்து திரை வெளுத்த இடத்தில், நூற்றெழுபது படங்கள் ஒன்றுக்கொன்று அச்சு. விநாடிக்கு அறுபது படம் என்ற கணக்கில் கிட்டத்தட்ட மூன்று விநாடி. ஓடிக்கொண்டிருந்தது ஒலி மட்டும்தான். படம் உறைந்து நின்றிருக்கிறது. திரை முழுக்க வெள்ளை நுரையாக இருந்ததால் உறைந்தது எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். சாதாரணக் கடலைச் சுருக்காமல் எழுத அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு வேகம் போதும். நுரை வந்தால் போதாது. நுரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு விநாடியும் வேறு. அவ்வளவையும் விழுங்க முடியாமல் டிஸ்க் திணறியிருக்கிறது, பதிவு செய்யும் மென்பொருள் பழைய படத்தையே திரும்பத் திரும்ப வைத்து இடத்தை நிரப்பிவிட்டது. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்ததால், பதிவின் தலை, நடு, கால் மட்டும் பார்த்துவிட்டு இவள் ஒரு வாரம் துள்ளிக் குதித்திருக்கிறாள். தப்பு கண்டுபிடிக்கத்தான் மாதச் சம்பளம் வாங்குகிறாள். வெட்கக்கேடு!

"அது கெடக்கட்டும்" என்றான் லோகு. "இது எந்தக் கரை?"

"எந்தக் கரையும் இல்ல. கேம்ணா. கற்பன."

"யாருகிட்ட காது குத்தற? மூணு பெரிசு, நாலு சிறிசு, அப்புறம் மூச்சு வுடறாப்புல சும்மா கெடக்குது. தெக்க போனா கணக்கு வேற. இது நம்ம கரைடி."

தேவிப்பிரியா லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். மூன்று வருடம் உழைத்ததை ஒரு மனிதன், அதுவும் இவன், பாயில் படுத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டான். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிறு தோறும் கரையில் போனோடு நின்றது, எண்ணிக் கொடுத்தது, நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடல் நிற்கப்போவது.

லோகு டிவியைக் கைகாட்டினான். "அப்ப அந்த அலைங்கள்லாம் சென்னைக்குப் போறதுக்குத்தான் நீ வெயில்ல நின்னுகினு இருந்தியா? நான் எவனுக்கோ போன்ல வீடியோ எடுத்து அனுப்பறன்னு நெனச்சி, நைனாகிட்ட சொல்லலாமா வேணாமான்னு ஒரு வருசம் யோசிச்சேன்." அப்புறம் எழுந்து பாயைச் சுருட்டினான். "சரி. ஒண்ணத் தொலைச்சிட்டு நிக்கற. போய்த் தேடு."

தேடுவது சொல்கிற மாதிரி லேசா? ஏழாம் பயணத்தைக் கரைக்காற்று வீசும்போது மட்டுமே தொடங்க முடியும். விளையாட்டில் அது நாளுக்கு ஒரு தடவை, காலை எட்டு மணிக்குத்தான் வீசும். அன்றைய காற்று போய்விட்டது. மிச்சமிருப்பது ஞாயிறு காலை ஒன்றே ஒன்று. எட்டுக்குப் புறப்பட்டால் பதினொன்றரைக்குக் கரை. இருக்கும் அவகாசம் அரை மணி.

வேகமான டிஸ்க் ஒன்று கிடைத்தால் போதும். ஆன்லைனில் பார்த்தால் திங்கட்கிழமை டெலிவரி என்றது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் வெங்கடேசனிடம் ஓடினாள். கடற்கரையில் கல்யாண ஜோடிகளை ஓடவிட்டுப் படம் பிடிப்பவர் அவர். நல்ல டிஸ்க்குகள் மூன்று வைத்திருந்தார். மூன்றும் நிரம்பி வழிந்தன.

"தங்கச்சி, இதுல ஒண்ணு காட்டாங்கொளத்தூர் ரிசப்ஷன். ஒண்ணு மதுராந்தகம் பொண்ணு வூட்டு நலங்கு. இன்னொண்ணுல இருக்கற படத்த நாளைக்குத் தாலி கட்டற எடத்துல போட்டுக் காட்டணும். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு? இத அழிச்சா மாப்ள என்ன அழிச்சிடுவான்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்தே ஹரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள். அவர் திட்டவில்லை, நடந்ததை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"லேப்டாப் உள்ள இடம் இருக்குங்களா?" என்றார் கடைசியில்.

"இருவது நிமிஷத்துக்குக்கூடப் பத்தாது சார்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க பிரியா. சுருக்கி எடுங்க. பரவால்ல. ஏழாவது துறை இல்லாம போறதுக்கு, சுருக்கினது இருந்துட்டுப் போகட்டும்."

சட்டம் போட்டவரே சட்டத்தைத் தளர்த்துகிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவளுக்கு விளங்கியது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்து சுருக்கி எடுத்தால் எப்படி இருக்கும் என்று பழைய பதிவில் ஒரு துண்டை மாற்றிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. நுரை இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருந்தது. எந்த நுரைக்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் கம்பெனியில் சண்டை போட்டாளோ, அந்த நுரை!

லோகு சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். டிஸ்க், வேகம், புள்ளி என்று அவள் சொன்னதில் பாதி அவனுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியைப் பிடித்துக்கொண்டான்.

"நுரை வந்தாத்தான பேஜாரு?"

"ஆமா."

"அப்ப நீ ஏன் நுரைக்குள்ள போற?"

"கரைக்குப் போவணும்னா அலைய தாண்டித்தானணா போவணும்?"

"நல்லாத் தாண்டின போ. அலைக்கு முன்னால போய் மூஞ்சியக் காட்டிகினு நின்னா அது தலைமேலதான் ஒடையும். எவனாவது அப்டி கரைக்கு வருவானா? மூணையும் வுட்டுட்டு, மூணாவது முதுகுல ஏறு. நுரை அதுக்கு முன்னால ஓடும். நீ பின்னால, தண்ணி மேல, சட்ட நனையாம வருவ."

தேவிப்பிரியா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடலை இன்ச் இன்ச்சாக எண்ணிக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் கரையில் நின்று எண்ணியவள். படகில் அவளை யாரும் ஏற்றியதில்லை, அவளும் கேட்டதில்லை. அலையின் முதுகு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்து, பத்துக்கு ஒன்று அதிர்ஷ்டத்தில் கரையேறிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ பக்கத்துல ஒக்காருவியா?" என்று கேட்டாள்.

"இஞ்சின் வர்றதுக்குத் திங்கக்கெழம ஆவும்" என்றான் லோகு. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்துபோய்விடுவான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காற்று வீசியது. இரண்டு போன்களும் அணைந்து அரிசி டப்பாவின் மேல் கிடந்தன. சொர்ணம் காலையிலேயே மீன் அன்னக்கூடையோடு கிளம்பிவிட்டாள். லேப்டாப்பில், அதே கறுப்பு டிஸ்க்குக்குள், பதிவு ஓடியது. அதன் மூலையில் 'விடுபட்ட படங்கள்: 0' என்று ஓர் எண். படகு பெரிய டிவியில் ஓடியது. லோகு இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் படகைவிட இதில் உட்காரும் இடம் மெத்தென்று இருக்கிறது, மீன்தான் இல்லை என்று பேசிக்கொண்டே வந்தான். மைக் அணைந்திருந்ததால் ஹரிகிருஷ்ணனின் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

பதினொன்று இருபத்தைந்துக்கு ஏழாம் துறை தெரிந்தது. தேவிப்பிரியா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"நிறுத்து" என்றான் லோகு. இட்லித் தட்டு கீழே போய்விட்டது. "இங்கயே நில்லு. அலை ஒடையற எடம் அதோ. அதுக்கு வெளிய."

நின்றாள். படகு ஏறி இறங்கியது. மூன்று பெரிய அலைகள் கடந்து போயின. அவள் விரல் விசைமேல் தயாராக இருந்தது.

"போவட்டும்."

"ஏண்ணா?"

"காத்து பக்கவாட்டுல அடிக்குது. ரெண்டு அலைக்கூட்டம் ஒண்ணு மேல ஒண்ணு வருது. எது மூணுன்னு தெரில. பொறு."

இன்னொரு கூட்டமும் போனது. பதினொன்று முப்பத்தெட்டு. இன்னொன்று. அந்தப் பக்கவாட்டுக் காற்றையும் அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள், ஒரு ஐப்பசி மாதத்தில், இயற்கையாக இருக்கட்டும் என்று. அன்றைக்கு இருந்த அந்த அதிமேதாவியைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பாள். பதினொன்று நாற்பத்தாறு.

"பன்னெண்டுக்குக் கடலே இருக்காதுணா!" என்று கத்தினாள். "எறங்கறேன், வுடு!"

"எறங்கு. எறங்கி உன் நுரைல போய் நில்லு. அப்புறம் பன்னெண்டானா இன்னா, ஒண்ணானா இன்னா?"

அவளுக்கு வந்த கோபத்தில் அவனை வெளியே தள்ளியிருப்பாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி எல்லாம் போய்விட்டிருந்தது. சொந்தப் படகின் சுக்கானைப் பிடித்த மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க, டிவிக்குள் இருக்கும் தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனிதன் ஒவ்வொரு விடியற்காலையும் இப்படித்தான் வீடு திரும்புகிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலை விசையிலிருந்து எடுத்தாள்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்குக் காற்று அடங்கியது.

"வருது" என்றான் லோகு. "ஒண்ணு."

படகு தூக்கிக் கொடுத்தது.

"ரெண்டு. ஆடாத. ஆடாத. இன்னும் ஒண்ணு கீது."

பின்னால் கடல் உயர்ந்தது. டிவியின் மேல் விளிம்பு வரைக்கும் உயர்ந்தது.

"இது போவட்டும், அடில நழுவட்டும், ஆங், மூணு! ஏறு! ஏறு பிரியா, வுடாத!"

விசையை அழுத்தினாள். படகு அலையின் முதுகில் உட்கார்ந்தது. வழவழவென்று ஒரு பச்சை மேடு, அதன் முன்னால் எங்கோ நுரை உடைந்து கரையை நோக்கி ஓடியது. திரையில் அதன் ஓரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தான் செய்த கடலை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அழகாக இருந்தது. அடடா, எவ்வளவு அழகாக இருந்தது! படகு சரக்கென்று மணலில் ஏறி நின்றது.

மூலையில் எண் அப்படியே இருந்தது. சுழி.

இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆனால் தேவிப்பிரியா பதிவை நிறுத்தவில்லை. ஆறு நிமிடம் மிச்சமிருந்தது. படகிலிருந்து இறங்கி, பார்வையைக் கடல் பக்கம் திருப்பி, மணலில் அப்படியே நிறுத்தினாள். மூன்று பெரியது, நான்கு சின்னது, ஓர் இடைவெளி. அண்ணனும் தங்கையும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன அலை பாதி வளைந்தபடி நின்றது. பிறகு திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது.

"பூட்ச்சா?" என்றான் லோகு.

"பூட்ச்சு" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், பாதியைத் தானே குடித்துவிட்டு.

பன்னிரண்டரைக்கு மேல் பதிவை டிவியில் ஓடவிட்டார்கள். மென்பொருள் சுழி என்று சொல்லிவிட்டது, சாயங்காலம் செங்கல்பட்டில் ஹரிகிருஷ்ணன் தன் பங்குக்கு அலசி எடுப்பார். ஆனால் போன தடவையும் கணக்கு சரி என்று நம்பி ஏமாந்தவள் அவள். கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும். கரையேறும் இடத்துக்கு நேராகத் தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் சொர்ணம் வந்தாள். காலியான அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் வந்த எரிச்சலோடு உள்ளே நுழைந்தவள், டிவியைப் பார்த்தபடியே அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். போகவில்லை. கூடையை இறக்காமல் நின்றாள். திரையில் படகு அலைக்கு வெளியே காத்திருந்தது.

"எவன்டா இவன், இந்தக் காத்துல கரைக்கு வர்றவன்?" என்றாள்.

லோகு வாயைத் திறக்கப் போனான். தேவிப்பிரியா அவன் கையை அழுத்தினாள்.

முதல் அலை போனது. சொர்ணத்தின் உதடு அசைந்தது. இரண்டாவது போனது. திரையில் படகு லேசாக முன்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. தேவிப்பிரியாவின் விரல் முந்திக்கொண்டு விசையைத் தொட்ட இடம் அது.

"டேய், டேய், அவசரப்படாத!" என்று சொர்ணம் டிவியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள். "இன்னும் ஒண்ணு கீதுடா, பொறு!"

மூன்றாவது அலை வந்தது. திரையின் மேல் விளிம்பு வரை எழுந்து, முழுசாக, ஒரு புள்ளி குறையாமல் வந்தது.

"ஆங், இப்ப ஏறு" என்றாள் சொர்ணம். படகு மணலைத் தொடும் வரை நின்று பார்த்தாள். "பொழச்சான். யாரு வூட்டுப் புள்ளடா அது? நம்ம கரையில புதுசா கீறான்."

"நான்தாம்மா" என்றாள் தேவிப்பிரியா.

சொர்ணம் மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மறுபடி டிவியைப் பார்த்தாள். கூடையை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாய்மேல் வந்து உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து போடு" என்றாள்.